அனுராதா: அண்டக்கதிர்களை அளக்க விண்ணேறிய நெகிழித் தகடுகள்

மயிலாப்பூர் லஸ் முனையில் நின்று ஒருவர் தம் கையை விரித்து நீட்டுவாராயின், அவர் உள்ளங்கையை வினாடிக்கு ஏறத்தாழ ஒரு மியூவான் துகள் துளைத்துச் செல்கின்றது. வலியில்லை, ஒலியில்லை. மேலே வளிமண்டலத்தின் உயரத்தில் நிகழ்ந்த ஒரு மோதலின் சிதறல் அது. மோதியதோ விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியில் இலட்சக்கணக்கான ஆண்டுகள் அலைந்து வந்த ஓர் அணுக்கரு. அந்த அணுக்கருக்களையே நாம் அண்டக்கதிர்கள் என்கிறோம். கதிர் என்னும் பெயர் அவற்றின் இயல்பு அறியப்படாத காலத்தில் இடப்பட்டது. உண்மையில் அவை ஒளியைப் போன்ற கதிர்கள் அல்ல, மின்னூட்டம் தாங்கிய துகள்கள். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

சிதறலைக் கொண்டு மூலத்தை அறிவது எளிதன்று. நம் தலைக்கு மேலுள்ள காற்றின் எடை, ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பிற்கும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம். பத்து மீட்டர் ஆழமுள்ள நீரின் அடியில் நிற்பதற்கு இது சமம். அவ்வளவு தடிப்பான திரையைக் கடந்து முதன்மை அணுக்கரு எதுவும் சேதமின்றித் தரையை அடைவதில்லை. விக்டர் ஹெஸ் 1912இல் பலூனில் ஏறி ஐயாயிரம் மீட்டருக்கு மேல் சென்றபோது கதிர்வீச்சு கூடக்கண்டதும் இக்காரணத்தினாலேயே. வந்து சேர்வது இன்னதென்று அறிய வேண்டுமானால் திரைக்கு மேலே செல்ல வேண்டும் என்பது அன்றே தெளிவாயிற்று.

காற்றுத் திரை ஒன்றே தடையன்று. அதற்கும் அப்பால் கண்ணுக்குப் புலனாகாத இன்னொரு திரை உள்ளது. டச்சு அறிவியலாளர் கிளே, 1920களில் ஐரோப்பாவிற்கும் ஜாவாவிற்கும் இடையே கப்பலில் பயணம் செய்தபோது, நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க அண்டக்கதிர்களின் அளவு குறைவதைக் கண்டார். வருபவை மின்னூட்டத் துகள்களாயின் புவியின் காந்தப்புலம் அவற்றை வளைத்துத் திருப்பிவிடும்; துருவங்களின் அருகே காந்தக் கோடுகள் தரையை நோக்கி இறங்குவதால் அங்கே துகள்கள் எளிதில் நுழையும்; நடுக்கோட்டிலோ கோடுகள் குறுக்கே நிற்பதால் வலுமிக்கவை மட்டுமே உள்ளே வர இயலும். மில்லிக்கனின் குழுவினர் 1939-40ஆம் ஆண்டுகளில் பெங்களூர், ஆக்ரா, பெஷாவர் ஆகிய இடங்களில் பலூன்களைப் பறக்கவிட்டது இவ்வேறுபாட்டை ஆராயவே.

ஒரு துகளை வளைப்பது எவ்வளவு கடினம் என்பதை அதன் ‘காந்த விறைப்பு’ என்று குறிப்பர். துகளின் உந்தத்தை மின்னூட்டத்தால் வகுத்துப் பெறுவது அது; கிகா வோல்ட் என்னும் அலகில் சொல்லப்படுவது. உலகிலேயே மிக உயர்ந்த நுழைவு வரம்புகளுள் ஒன்று தென்னிந்தியாவின் வானத்திற்கு உரியது. அது ஏறத்தாழ 17 கிகா வோல்ட். காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடியை ஒட்டிச் செல்வதே காரணம். ஆகவே சென்னையின் தலைக்கு மேல் எத்துணை உயரத்திற்குப் பலூனை ஏற்றினும், குறைந்த ஆற்றலுள்ள அண்டக்கதிர்கள் அங்கே கிடைக்கப்போவதில்லை. காற்றைத் தாண்டினாலும் காந்தப்புலம் நிற்கும்.

இவ்வாறு கருவி கொண்டு அளப்பதற்கு இயற்கையே இடையூறு செய்த ஊரில், கோட்பாட்டு ஆராய்ச்சி தழைத்தது குறிப்பிடத்தக்கது. லஸ் சர்ச் சாலையிலிருந்த ‘ஏகாம்ர நிவாஸ்’ என்னும் இல்லத்தில் வாழ்ந்த அல்லாடி இராமகிருஷ்ணன், ஹோமி பாபாவிடம் பயின்றவர். ஓர் அண்டக்கதிர் துகள் காற்றில் மோதிப் பல்கிப் பெருகும்போது, எத்தனை துகள்கள் எத்தகைய ஆற்றலுடன் தோன்றும் என்பதில் ஒவ்வொரு முறையும் ஏற்றத்தாழ்வு இருக்கும். அந்த ஏற்றத்தாழ்வைக் கணக்கிடும் கணித முறையை அவர் 1950இல் வெளியிட்டார். அவ்வில்லத்தில் நடைபெற்ற இயற்பியல் கருத்தரங்குகளும், 1960இல் நீல்ஸ் போர் வருகை தந்ததும், 1962 ஜனவரியில் கணித அறிவியல் நிறுவனம் தோன்ற வழிவகுத்தன. இன்று அந்நிறுவனம் அடையாற்றை அடுத்த தரமணியில் உள்ளது.

அதனைத் தொடங்கி வைத்தவரும் மயிலாப்பூர்க்காரரே: சுப்பிரமணியன் சந்திரசேகர். விண்மீன்களின் முடிவு பற்றிய ஆய்வுக்காகவே அவரை உலகம் நினைவுகூர்கிறது. ஆனால் 1953இல் அவரும் என்ரிக்கோ ஃபெர்மியும் இணைந்து, நம் விண்மீன் மண்டலத்தின் சுருள் கரங்களில் நிலவும் காந்தப்புலத்தின் வலிமையை மதிப்பிட்டனர். அண்டக்கதிர்கள் அக்காந்தப்புலங்களில் சிக்கித் திசைமாறி அலைவதாலேயே, வானில் எத்திசையிலிருந்து அவை வருகின்றன என்பதைக் கொண்டு பிறப்பிடத்தைக் கண்டறிய இயலாமற் போகிறது. திசை பயன்படாதபோது, துகளின் இனம், ஆற்றல், மின்னூட்டம் ஆகியனவே அதன் வரலாற்றைச் சொல்லும் சான்றுகள்.

அச்சான்றுகளைத் திரட்டவே துகள் உணர்கருவிகள் சுற்றுப்பாதைக்குச் சென்றன. முதல் அனுபவமே வியப்பானது. 1958இல் எக்ஸ்புளோரர்-1 செயற்கைக்கோளில் வான் ஆலன் வைத்த கைகர் எண்ணி, குறிப்பிட்ட உயரத்திற்கு மேல் எண்ணுவதையே நிறுத்திவிட்டது. கருவி பழுதாகவில்லை, எண்ண முடியாத அளவிற்குத் துகள்கள் குவிந்ததால் அது திணறி நின்றது. புவியைச் சுற்றிக் காந்தப்புலம் சிறைப்படுத்தி வைத்துள்ள கதிர்வீச்சு வளையங்கள் அவ்வாறே கண்டறியப்பட்டன. அண்டக்கதிரை அளக்கச் சென்றவர்கள் வேறொன்றைக் கண்டு திரும்பினர்.

இனி நம் நாட்டு முயற்சிக்கு வருவோம். அதனை விளங்கிக்கொள்ள, 1970களின் தொடக்கத்தில் எழுந்த ஒரு புதிரை முதலில் அறிதல் வேண்டும். குறைந்த ஆற்றலில், அதாவது அணுக்கருவின் ஒவ்வொரு நியூக்ளியானுக்கும் ஏறத்தாழ பத்து மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் அளவில், ஹீலியம், நைட்ரஜன், ஆக்சிஜன், நியான் ஆகியவை எதிர்பாராத மிகுதியுடன் வந்தன. ஆனால் கார்பன் அவ்வாறு மிகவில்லை. இவற்றை ‘முரண் அண்டக்கதிர்கள்’ என்றனர். 1974இல் ஃபிஸ்க், கோஸ்லோவ்ஸ்கி, ராமட்டி ஆகிய மூவரும் ஒரு விளக்கம் தந்தனர். விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியில் மின்னூட்டமற்ற அணுக்களாகத் திரிவன, சூரிய மண்டலத்திற்குள் தடையின்றி மிதந்து வருகின்றன. சூரியனின் அருகே அவை ஓர் எலெக்ட்ரானை இழக்கின்றன. பின் சூரியக் காற்றால் வெளிநோக்கி வாரிச் செல்லப்பட்டு, எல்லைப் பகுதியில் விரைவூட்டப்பட்டு, மீண்டும் நம்மை நோக்கி வருகின்றன. கார்பன் எளிதில் எலெக்ட்ரானை இழப்பதாகையால் வெளியிலேயே மின்னூட்டம் பெற்றுவிடுகிறது. உள்ளே நுழைய இயலாமல் விலக்கப்படுகிறது.

அழகிய விளக்கம்தான். அது மெய்யாயின் ஒரு விளைவு கட்டாயம் பின்தொடர வேண்டும்: இத்துகள்கள் ஒரேயோர் எலெக்ட்ரானை மட்டும் இழந்தவையாக இருக்க வேண்டும். மண்டலத்தின் தொலைவிலிருந்து வரும் பிற அண்டக்கதிர்களோ, நெடும் பயணத்தில் எலெக்ட்ரான்கள் அனைத்தும் உரிந்து வெறும் அணுக்கருவாகவே வருபவை. ஆக்சிஜனுக்கு மின்னூட்டம் ஒன்றா, எட்டா? கேள்வி இவ்வளவுதான்.

இதனை நேரடியாக அளக்க முடியாது என்பதில்தான் சிக்கல் உள்ளது. உணர்கருவிக்குள் நுழையும் துகள், முதல் மெல்லிய படலத்தைக் கடக்கும்போதே எஞ்சிய எலெக்ட்ரான்களை இழந்துவிடுகிறது. கருவி காண்பது வெறும் அணுக்கருவை மட்டுமே. வரும் வழியில் அது எத்தனை எலெக்ட்ரான்களைப் போர்த்தியிருந்தது என்பதற்குக் கருவிக்குள் தடயமில்லை. வீட்டிற்குள் வந்தவர் வாயிலிலேயே குடையை விட்டுவிட்டார் என்பது போன்றது இது.

மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் சுகுமார் பிஸ்வாஸும் அவர்தம் குழுவினரும், அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தினரும் கண்ட வழி, புவியின் காந்தப்புலத்தையே அளவுகோலாக்குவது. எதனைத் தடை என்று மேலே சொன்னோமோ, அதுவே கருவியாயிற்று. கணக்கை இங்கே சிறிது பார்ப்போம். நியூக்ளியானுக்குப் பத்து மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள ஆக்சிஜன், ஒரே ஒரு மின்னூட்டம் உடையதாயின் அதன் காந்த விறைப்பு ஏறத்தாழ 2.2 கிகா வோல்ட். எட்டு எலெக்ட்ரான்களையும் இழந்ததாயின் அதில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 0.27 மட்டுமே. காந்த அட்சரேகை 60 பாகையில் நுழைவு வரம்பு ஏறத்தாழ 0.9. ஆகவே அவ்விடத்திற்கு மேலே பறக்கும் தகட்டில் இந்த ஆற்றலுள்ள ஓர் ஆக்சிஜன் தடம் கிடைத்தால், அது வெறும் அணுக்கருவாக வந்திருக்க முடியாது. வாயிலின் உயரம் தெரியும். உள்ளே வந்தவரின் எடையும் தெரியும். அவர் எவ்வாறு வந்தார் என்பதைக் கணித்துவிடலாம்.

இதற்குத் தேவையானவை இரண்டு. ஒன்று, உயர்ந்த அட்சரேகைகள் வரை செல்லும் சுற்றுப்பாதை. மற்றொன்று, ஒவ்வொரு துகளும் வந்த நேரம். நேரம் தெரிந்தால்தான் அப்போது விண்கலம் எந்த இடத்திற்கு மேலே இருந்தது, அங்கே வரம்பு என்ன என்று சொல்ல இயலும்.

பிஸ்வாஸ் குழுவினர் தேர்ந்த உணர்கருவி மின்னணுக் கருவியன்று. சி.ஆர்.39 என்னும் நெகிழித் தகடு. தியாகராய நகரின் எந்த மூக்குக்கண்ணாடிக் கடையிலும் கண்ணாடி வில்லைக்கு மாற்றாக விற்கப்படும் எடை குறைந்த வில்லை, பெரும்பாலும் இதே பொருளால் ஆனதுதான். அயனி ஒன்று இதனுள் பாயும்போது, தன் வழியிலுள்ள மூலக்கூறுப் பிணைப்புகளை அறுத்துச் செல்கிறது. பின்னர் தகட்டைச் சூடான சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்தால், சேதமுற்ற இடம் மற்ற இடங்களைவிட விரைவாக அரிக்கப்பட்டுக் கூம்பு வடிவக் குழியாகிறது. நுண்ணோக்கியில் அக்குழியின் நீள அகலங்களை அளந்தால் துகளின் இனமும் ஆற்றலும் புலப்படும். இரும்பின் தடம் பெரியது, ஆக்சிஜனுடையது சிறியது, புரோட்டான் இவ்வேகத்தில் தடமே இடாது. இக்குறை ஒருவகையில் நிறைவே. கோடிக்கணக்கான புரோட்டான்களின் இரைச்சலுக்கு நடுவே, அரிய கன அணுக்கருக்களை மட்டும் அத்தகடு பொறுக்கியெடுத்துத் தருகிறது. மின்சாரம் வேண்டா, தொலைத்தொடர்பு வேண்டா. இதே குழுவினர் 1973-74இல் ஸ்கைலேப் விண்வெளி நிலையத்தில் வேறொரு நெகிழித் தகட்டைப் பயன்படுத்தி முன்பே பழகியவர்கள்.

ஆனால் நெகிழிக்கு நேரம் தெரியாது. ஏழு நாள் பயணத்தின் எந்தக் கணத்தில் துளை விழுந்தது என்று அது சொல்லாது. இங்கேதான் அவர்களுடைய கருவியமைப்பின் நுட்பம் உள்ளது. இரண்டு பனையோலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஊசியால் குத்தினால், இரண்டிலும் துளைகள் நேர்நேராக விழும். கீழோலையை மெல்ல நகர்த்திக்கொண்டே இருந்து, பின்னர் தொடக்க நிலைக்குக் கொண்டுவந்து ஒப்பிட்டால், துளைகளிடையே உள்ள விலகல், குத்திய நேரத்தைக் காட்டும். இக்கருவியில் மேல் அடுக்கு நிலையாக இருந்தது. கீழ் அடுக்கு பத்து வினாடிக்கு ஒரு முறை 40 விகலை அளவு திரும்பியது. ஒரு விகலை என்பது பாகையின் 3600இல் ஒரு பங்கு. முழுச் சுற்றுக்கு 32,400 நகர்வுகள். 90 மணி நேரம். ஆக, ஒரு தடத்தின் மேற்பாதியையும் கீழ்ப்பாதியையும் இணைத்துப் பார்த்தாலே அது விழுந்த வேளை பத்து வினாடித் துல்லியத்தில் கிடைத்துவிடும்.

கருவிக்கு ‘அனுராதா’ என்று பெயர். நம் பஞ்சாங்கங்கள் அனுடம் என்று சொல்லும் விண்மீனின் வடமொழிப் பெயர் அது. 1985 ஏப்ரல் 29 அன்று சாலஞ்சர் விண்ணோடம் ஸ்பேஸ்லேப்-3 என்னும் ஆய்வுக்கூடத்துடன் இதனையும் சுமந்து சென்றது. ஏறத்தாழ 350 கிலோமீட்டர் உயரம். நடுக்கோட்டிற்கு 57 பாகை சாய்வு. (அதே பயணத்தில் இரண்டு குரங்குகளும் இருபத்துநான்கு எலிகளும் சென்றன, நாளிதழ்களில் அவற்றிற்கே கூடுதல் இடம் கிடைத்திருந்தால் வியப்பில்லை.) மே 6 அன்று விண்ணோடம் தரையிறங்கியது. தகடுகள் இந்தியா திரும்பின.

பயணம் ஏழு நாள். தகடுகளைப் படிக்கவோ ஆண்டுகள் ஆயின. ஒவ்வொரு தகட்டையும் அரித்து, நுண்ணோக்கியின் கீழ்த் தடங்களைத் தேடி, மேலடுக்கின் தடத்திற்குக் கீழடுக்கில் இணை கண்டு, நேரம் கணித்து, அந்நேரத்தில் விண்ணோடம் எத்திசை நோக்கியிருந்தது என்று பார்த்து, பின் துகளின் பாதையைப் புவிக்காந்தப்புலத்தில் பின்னோக்கிக் கணினியில் வரைந்து பார்க்க வேண்டும். சிந்தாமல் சிதறாமல் செய்ய வேண்டிய பொறுமையின் வேலை. முடிவுகள் 1980களின் இறுதியிலும் 1990களின் முற்பகுதியிலும் வெளிவந்தன. முரண் அண்டக்கதிர்களான ஆக்சிஜன் முதலியவை, கோட்பாடு சொன்னவாறே, மிகக் குறைந்த மின்னூட்டம் உடையவை என்று புலனாயிற்று. அக்குழுவில் பணியாற்றிய இயற்பியல் ஆய்வுக்கூடத்து ஜிதேந்திரநாத் கோஸ்வாமி, பின்னர் 2008இல் ஏவப்பட்ட சந்திரயான்-1இன் முதன்மை அறிவியலாளரானார்.

ஆயினும் அனுராதா தந்த மற்றொரு முடிவு எளிதில் செரிக்கத்தக்கதன்று. விண்மீன் மண்டலத்திலிருந்து வருவனவாகக் கருதப்பட்ட இரும்பு அணுக்கருக்களில் சில, நுழைவு வரம்பின்படி வெறும் அணுக்கருக்களாக வந்திருக்க இயலாத இடங்களில் தகட்டில் பதிந்திருந்தன. எனில் அவையும் எலெக்ட்ரான்கள் சிலவற்றை இன்னும் தாங்கியவையே. அவ்வாற்றலில் நெடுந்தொலைவு வந்த இரும்பு அவற்றை எங்ஙனம் இழக்காதிருந்தது? அண்மையிலேயே விரைவூட்டப்பட்டனவா? இம்முடிவு முதல் முடிவைப் போல் பொது ஏற்பைப் பெற்று நிலைபெறவில்லை. தடங்களின் எண்ணிக்கை குறைவு. மறுமுறை அதே கருவியை அனுப்பிச் சரிபார்த்திருப்பின் நன்றாயிருக்கும். அதற்குரிய சூழலும் மாறிவிட்டது. ஒன்பதே மாதங்களில், 1986 ஜனவரி 28 அன்று, அதே சாலஞ்சர் ஏழு பேருடன் வானில் சிதறியது; விண்ணோடப் பயணங்கள் இரண்டாண்டுகளுக்கும் மேலாக நின்றன. இரும்பைப் பற்றிய வினாவை ஓர் அளவீட்டின் பிழை என்று ஒதுக்குவதும், புதிய கண்டுபிடிப்பு என்று முழங்குவதும் ஒருசேரத் தவறு என்பதே நம் கருத்து. வினா எழுப்பிய குழுவினர் தம் தரவுகளை மறைக்காது வெளியிட்டதே பாராட்டத்தக்கது.

முதல் முடிவிற்கோ வலுவான துணை கிடைத்தது. 1992இல் ஏவப்பட்ட சாம்பெக்ஸ் என்னும் சிறு செயற்கைக்கோள், துருவங்களை ஒட்டிச் செல்லும் பாதையில் இதே உத்தியை மின்னணு உணர்கருவிகளைக் கொண்டு கையாண்டது. ஒற்றை மின்னூட்டம் உறுதியாயிற்று; ஆற்றல் மிகும்போது பல எலெக்ட்ரான்களை இழந்தவையும் கலந்திருப்பது தெரிந்தது. முரண் கதிர்களில் சில, வளிமண்டலத்தின் மேல்விளிம்பை உரசி எஞ்சிய எலெக்ட்ரான்களை இழந்து, விறைப்புக் குறைந்து, காந்தப்புலத்திலேயே சிறைப்பட்டு ஒரு தனி வளையமாகச் சுழல்வதும் வெளிப்பட்டது. அவை எங்கே விரைவூட்டப்படுகின்றன என்பது மட்டும் நினைத்த அளவு எளிதாக விடைபெறவில்லை. 2004 டிசம்பரில் வாயேஜர்-1 சூரியக் காற்று திடீரெனத் தளரும் எல்லையைக் கடந்தபோது, அங்கே ஊற்றுக்கண் இருக்கும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தனர். செறிவு அதற்கப்பாலும் கூடிக்கொண்டே சென்றது. 2012 ஆகஸ்டில் அது சூரிய மண்டலத்தின் காந்த எல்லையைத் தாண்டியவுடன், முரண் கதிர்கள் சட்டென மறைந்தன. வெளியிலிருந்து வரும் அண்டக்கதிர்கள் மிகுந்தன. இவை சூரியனின் ஆட்சிக்குட்பட்ட பகுதியிலேயே விளைபவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நெகிழித் தகட்டின் காலத்திலிருந்து இன்று நெடுந்தொலைவு வந்துவிட்டோம். 2011 மே மாதம் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் பொருத்தப்பட்ட ஏ.எம்.எஸ். கருவி, ஏழு டன்னுக்கும் மேற்பட்ட எடையுடையது. புவியின் காந்தப்புலத்தை நம்பாமல் தன்னுடன் ஒரு நிலைக்காந்தத்தையே கொண்டு சென்றது அது. துகள் எப்பக்கம் வளைகிறது என்பதைக் கொண்டு, நேர்மின்னூட்டமா எதிர்மின்னூட்டமா என்று பிரித்தறிகிறது. இருபதாயிரம் கோடிக்கு மேற்பட்ட துகள்களைப் பதிவுசெய்துள்ளது. எதிர்ப்பொருளான பாசிட்ரான்கள் உயர் ஆற்றலில் எதிர்பார்த்ததைவிட மிகுதியாக இருப்பதை அது நுணுக்கமாக அளந்தது. அதன் காரணம் கரும்பொருளா, அருகிலுள்ள துடிவிண்மீன்களா என்னும் வழக்கு இன்னும் தீரவில்லை.

அண்டக்கதிர்களை ஆராயாத விண்கலங்களுக்கும் துகள் உணர்கருவி இன்றியமையாதது. சந்திரசேகரின் பெயர் தாங்கி 1999இல் ஏவப்பட்ட சந்திரா எக்ஸ்-கதிர் வானோக்கி, தொடக்க வாரங்களிலேயே கதிர்வீச்சு வளையங்களின் வழியே சென்றபோது, குறைந்த ஆற்றலுள்ள புரோட்டான்கள் அதன் ஆடிகளில் பட்டுச் சிதறி ஒளிப்படக் கருவியைச் சேதப்படுத்தின. வளையத்தை நெருங்கும் ஒவ்வொரு முறையும் அக்கருவியைக் குவியத்திலிருந்து விலக்கி வைக்கும் வழக்கம் அதன் பின்னரே ஏற்பட்டது. 2015 செப்டம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற ஆஸ்ட்ரோசாட்டில், டாடா நிறுவனத்தினர் மின்னூட்டத் துகள் கண்காணிப்பான் ஒன்றை வைத்தனர். தென் அட்லாண்டிக் கடலின் மேலே காந்தப்புலம் வலுவிழந்து துகள்கள் தாழ இறங்கும் பகுதியை அது உணர்ந்து எச்சரிக்கும். அச்செயற்கைக்கோளின் பாதை நடுக்கோட்டிற்கு ஆறே பாகை சாய்வு. அனுராதா 57 பாகைச் சாய்வில் எந்தத் துகள்களைத் தேடிச் சென்றதோ, அவற்றிடமிருந்து ஒதுங்குவதற்கே இத்தாழ்ந்த சாய்வு தேர்ந்தெடுக்கப்பட்டது.

அடையாற்றை ஒட்டிய இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் மாணவர்களும் தாம் வடிவமைத்த சிறு செயற்கைக்கோளுக்கு, வளையங்களிலிருந்து சிந்தும் புரோட்டான், எலெக்ட்ரான்களை அளக்கும் உணர்கருவியையே பணியாகத் தெரிந்தெடுத்தனர். தமிழகத்திலேயே, உதகமண்டலத்தில் 2200 மீட்டர் உயரத்தில், டாடா நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் தரையிலிருந்து இதே வினாக்களை அணுகுகிறது. விண்ணிற்கு ஏற்றக்கூடிய கருவியின் பரப்பு சிறிது. ஆற்றல் மிகமிகத் துகள்களோ அருகிக்கொண்டே போகும். ஒரு கட்டத்திற்கு மேல் சுற்றுப்பாதைக் கருவிக்குத் துகள் கிடைப்பதே அரிது. அங்கே அல்லாடி இராமகிருஷ்ணன் கணக்கிட்ட துகள் பொழிவுகளைக் கொண்டே மூலத்தை ஊகிக்க வேண்டியுள்ளது. 2015இல் ஏவப்பட்ட சீனத்து டாம்பே செயற்கைக்கோள், புரோட்டான்களின் எண்ணிக்கை 14 டெரா எலெக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி எதிர்பார்த்ததைவிட விரைவாகக் குறையத் தொடங்குவதைக் கண்டது. கிரேப்ஸ்-3 குழுவினர் 2024இல் வெளியிட்ட அளவீட்டில், 166 டெரா எலெக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி அக்குறைவு மீண்டும் தணிந்து வரைகோடு மேல்நோக்கி நெளிகிறது. இரு அளவீடுகளின் எல்லைகளும் இப்போது ஒன்றையொன்று தொட்டுநிற்கின்றன. ஒரே விதிக்குள் அடங்கும் நேர்கோடாக நெடுங்காலம் எண்ணப்பட்டதில் இந்த நெளிவு ஏன் என்பதே இன்று ஆய்வாளர் முன்னுள்ள வினா.